இடப்பக்க எண்ணைப் படியுங்கள்

ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்க வருகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும், குறைந்த பெரிதாக்கம், அதிகப் பெரிதாக்கம் என்ற இரண்டு எண்களில் வலப்பக்கத்து எண்ணைத்தான் படிக்கிறார்கள். 1-4, 1-6, 1-8, இப்போது 1-10. கடைக்காரரும் அதைத்தான் உரக்கச் சொல்கிறார். என் கட்சி வேறு. இந்த வகை ஸ்கோப்பில் காசு கொடுத்து வாங்குவது இடப்பக்கத்து ‘ஒன்றை’. அது ஒழுங்காக இருந்தால் மிச்சமெல்லாம் கூடுதல் வரவு. அது சொதப்பினால், எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டினாலும் பிரயோசனம் குறைவு.

நான் துப்பாக்கி வியாபாரி இல்லை. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ராணுவ முகாம்கள் சூழ்ந்த நகரம் அது. மேற்கே போனால் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மெடினா, யுவால்டி மாவட்டங்கள். ஆகவே என் கடைக்கு வருகிறவர்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் விவசாயிகளும் அதிகம். கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது தயங்கித் தயங்கி இன்னொரு புகாரும் சொல்வார்கள்: “என் ரெட் டாட் கெட்டுப்போச்சு. புள்ளியா இருந்தது இப்ப கமா மாதிரி தெரியுது.”

ரெட் டாட் என்பது பெரிதாக்கிக் காட்டாத எளிய கருவி. சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். 1970களில் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அருமையான சாதனம், கண்ணில் சிலிண்டர் பவர் இல்லாதவர்களுக்கு. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு, ஒளிரும் சிறு புள்ளி இழுபட்டு வால் முளைத்துத் தெரியும். அந்தக் கருவியை நான் வாங்கி, அவர்களுடைய செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துக் காட்டுவேன். கேமராவில் புள்ளி வட்டமாக இருக்கும். அதற்குப் பிறகு கருவியின் மேல் யாரும் பழி போடுவதில்லை; கொஞ்ச நேரம் என் மேல் கோபமாக இருப்பார்கள்.

இவர்களுக்குத்தான் குறைந்த பெரிதாக்கமும் ஒளிரும் குறியும் கொண்ட ஸ்கோப் நல்ல மாற்று. அதில் குறிக்கோடு கண்ணாடியில் செதுக்கப்பட்டிருக்கிறது. கறுப்புக் கோடு, ஒளிப்புள்ளி அளவுக்குச் சிதறாது. பேட்டரி செத்தாலும் கோடு அங்கேயே இருக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டிய, வெள்ளெழுத்து வந்துவிட்ட கண்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பழைய இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தூரங்களை ஒரே கண் சமாளிக்க வேண்டும். ஸ்கோப்பில் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் நிற்கும். கண்பக்க வளையத்தைத் திருப்பி நம் பார்வைக்கு ஏற்பச் சரி செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்று: அந்த வளையம் சாதாரண பிளஸ், மைனஸ் பவரை மட்டும்தான் ஈடுகட்டும். சிலிண்டரைத் தொடாது. அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதை ஸ்கோப் விற்கிற யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் இந்த ஊரில் இத்தனை பேர் இதற்கு அலைகிறார்கள் என்றால், பன்றி. ஸ்பானியர் காலத்தில் வந்த வளர்ப்புப் பன்றிகளின் வாரிசுகள், பின்னாளில் வேட்டைக்கென்று இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளோடு கலந்து பெருகிவிட்டன. டெக்சாஸில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறையின் மதிப்பீடு. விதைத்த இரவே வந்து, சால் பிடித்தாற்போல வரிசை மாறாமல் மண்ணைக் கிளறி விதை மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டுப் போகும். 2019 செப்டம்பர் 1 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. இந்தியாவில், நம்மூர்க் காட்டுப்பன்றி அந்த மண்ணிலேயே பிறந்த விலங்கு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டெக்சாஸ், ரைஃபிள் என்றதும் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும், வரத்தான் வேண்டும். 2022 மே 24 அன்று யுவால்டி தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 18. ரைஃபிளைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். அந்த ஊரிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. வயது வரம்பை 21 ஆக உயர்த்தும் மசோதா 2023இல் மாநிலச் சட்டமன்றத்தில் குழுவைத் தாண்டியது, வாக்கெடுப்புக்கு வராமலே காலாவதியானது. அது நிறைவேறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. என் கடையிலேயே அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர். பன்றியை விரட்ட ரைஃபிள் வேண்டும் என்று சொல்வதற்கும், பதினெட்டு வயதில் அது வேண்டாம் என்று சொல்வதற்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பன்றிக்கு வருவோம். தாய், அதன் சகோதரிகள், குட்டிகள் என்று கூட்டமாகத்தான் மேயும். முதல் குண்டு நின்றுகொண்டிருக்கும் பன்றிக்கு, நூறு கெஜத்தில். அடுத்த நொடி கூட்டம் சிதறி ஓடும். சில சமயம் நாம் நிற்கிற பக்கமாகவே ஓடிவரும். ஒரு விசை இழுப்புக்கு ஒரு குண்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்பதுதான் செமி ஆட்டோமேட்டிக். தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டியதில்லை என்பதால் கண் ஸ்கோப்பை விட்டு எழுவதில்லை. ஆக ஒரே கருவி, நூறு கெஜத்தில் நிற்கிற பன்றிக்கு நாலு மடங்கும், முப்பது கெஜத்தில் ஓடுகிற பன்றிக்கு வெறும் கண்ணைப் போன்ற பார்வையும் தர வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் கடினம்.

சொல்லப்போனால், இந்தச் சாதனம் பிறந்ததே பன்றிக்காகத்தான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நாய்களை விட்டுப் புதரைக் கலைத்து, குறுக்கே பாய்கிற பன்றியைச் சுடும் வேட்டை நெடுங்கால வழக்கம். அதற்கென்றே ஒன்றே கால் முதல் நாலு மடங்கு வரை காட்டும், முன்பக்கம் விரியாத நேர்க்குழாய் ஸ்கோப்புகளைச் செய்தார்கள். ஒளிரும் புள்ளி அதில் பிறகு சேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் நிறுவனம் அந்த வார்ப்பிலேயே அமெரிக்கச் சிறப்புப் படைக்காக ஷார்ட் டாட் என்ற 1.1-4 ஸ்கோப்பைச் செய்தது. பிறகு படைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2020இல் அமெரிக்க மரீன் படை, நிலையாக நாலு மடங்கு காட்டிக்கொண்டிருந்த ட்ரிஜிகான் ஏகாக்குக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் 1-8 ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜனவரியில் தரைப்படை, வோர்ட்டெக்ஸ் நிறுவனத்தோடு பத்தாண்டுகளில் இரண்டரை லட்சம் வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. லேசர் தூரமானியும் கணிப்பானும் உள்ளேயே பொருத்திய 1-8 அது.

படை வாங்கிவிட்டது என்பதே விளம்பரமாகிவிட்டதுதான் சிக்கல். ஐந்நூறு மீட்டரில் நிற்கிற ஆள் கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று சிப்பாய் பார்த்தாக வேண்டும். அவனுக்கு எட்டு நியாயம். நூற்றைம்பது கெஜத்துக்கு மேல் சுடவே இடமில்லாத, நடுவில் மெஸ்கீட் முள்மரம் மண்டிய நிலத்துக்காரர் எட்டையும் பத்தையும் வைத்து என்ன செய்வார்? செல்போன் கேமராவில் மெகாபிக்சல் எண்ணை ஏற்றிக்கொண்டே போன கதைதான் இங்கேயும் நடக்கிறது.

கணக்கு எளிது. ஸ்கோப்பைக் கையை நீட்டிப் பிடித்து வானத்தைப் பாருங்கள். கண்பக்கக் கண்ணாடியின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெரிதாக்கத்தால் வகுத்தால் அந்தப் பொட்டின் அளவு வரும். முன் கண்ணாடி 24 மில்லிமீட்டர், பெரிதாக்கம் ஆறு என்றால் 4 மில்லிமீட்டர். பத்து என்றால் 2.4. நம் கண்மணி உச்சிவெயிலில் 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கும்; அந்தி மங்கும்போது 5 வரைகூட விரியும். பன்றி வெளியே வருவது அந்தியில். 5 மில்லிமீட்டர் வாசலுக்கு 2.4 மில்லிமீட்டர் வெளிச்சம் வந்தால் படம் இருட்டடிக்கும். அதோடு பொட்டு சிறுத்தால் தலை இம்மி விலகினாலும் படம் கறுத்துவிடும். பிக்கப் வண்டியின் பின்தட்டில் குனிந்து நிற்கிறவருக்குத் தலையை இம்மி பிசகாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

பத்தை ஐந்தாகக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். தாராளமாக. அப்போது பொட்டு 4.8 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனால் ஐந்தில்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால் பத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? பணம் மட்டுமா? ஒரே குழாய்க்குள் ஒன்றிலிருந்து பத்து வரை நீட்ட வேண்டுமென்றால் வடிவமைப்பவர் எங்காவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது இடப்பக்கத்து ஒன்றில்தான்: ஓரங்கள் வளையும், கண் வைக்கிற இடம் குறுகும்.

நல்ல ‘ஒன்று’ எது என்று கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கோப்பை ஒன்றில் வைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி ஒரு கதவு நிலையைப் பாருங்கள். குழாய்க்குள் தெரிகிற நிலையும் வெளியே தெரிகிற நிலையும் ஒரே கோடாகச் சேர வேண்டும். உள்ளே தெரிவது கொஞ்சம் பெருத்தோ சிறுத்தோ இருந்தால் இரண்டு கண்களும் இரண்டு படத்தை மூளைக்கு அனுப்பும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். கண்பக்க வளையத்தைச் சரி செய்யாமல் இந்தச் சோதனையைச் செய்து, “இது சரியில்லை” என்று வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. முதலில் வெறும் வானத்தைப் பார்த்து, கோடு பளிச்சென்று தெரியும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு பார்வை பார்த்து, கண்ணை எடுத்து, மறுபடி பார்த்து. முறைத்தால் கண் தானே சமாளித்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். ஒன்றில் நூறு கெஜத்துக்கு அப்பால் சுமார் 110 அடி அகலம் கண்ணுக்குள் வரும். ஆறில் வெறும் இருபது அடிதான். ஓடுகிற கூட்டத்தைத் தேடிப் பிடிக்க எது உதவும் என்று இதிலேயே தெரியும்.

அடுத்தது விளக்கு. ஒளிரும் குறி இருட்டுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது முக்கியமாகப் பகலுக்கு. டெக்சாஸின் ஆகஸ்ட் மதியத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணும் காய்ந்த புல்லும் கண்ணைக் கூசவைக்கும். அந்தப் பின்னணியில் மலிவு ஸ்கோப்பின் சிவப்பு, முழு வெளிச்சத்தில் வைத்தாலும் காணாமல் போய்விடும். சிறு எல்.இ.டி. விளக்கொன்று செதுக்கிய கோட்டின்மேல் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுவது சாதாரண ஏற்பாடு. அதற்கு வெயிலை வெல்லும் பலம் பெரும்பாலும் கிடையாது. ஒளியிழை வழியாகவோ நுண்வரிக் கண்ணாடி வழியாகவோ புள்ளியை மட்டும் எரியவிடுகிற வகை விலை கூடியது, பகலிலும் நிற்கும். பேட்டரியே இல்லாமல் சூரிய ஒளியை இழையால் வாங்கி, இருட்டில் டிரிடியத்தால் எரிகிற 1-4 ஒன்று ட்ரிஜிகானிடம் உண்டு. வெயில் ஏற ஏறப் புள்ளியும் தானே ஏறும் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனி மோகம்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்டு ஸ்கோப்பை மதிய வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். கடைக்குள் குழல் விளக்கின் கீழே எல்லாப் புள்ளியும் நன்றாகத்தான் தெரியும். அந்திக்குத் தேவை இதற்கு நேர்மாறு: எவ்வளவு மங்கலாக வைக்க முடியும் என்பது. அதிகமாக எரிந்தால் கண்மணி சுருங்கி, கறுத்த பன்றி கறுத்த புதரோடு கரைந்துவிடும். பெட்டியில் ‘11 நிலைகள்’ என்று போட்டிருக்கும். பதினொன்றில் எது வெயிலுக்குத் தாங்கும், எது அந்திக்கு ஆகும் என்று ஒரு வரி இருக்காது. பேட்டரி CR2032 என்கிற பட்டன் வகை. கார் சாவிக்குள் இருப்பதே. ரெட் டாட்டில் அதைப் போட்டால் ஐந்தாண்டு எரிகிற மாதிரிகள் உண்டு. ஸ்கோப்பில் முழு வெளிச்சத்தில் சில நூறு மணி நேரம் தாண்டினால் அதிகம். அசையாமல் கிடந்தால் தானே அணைந்து, எடுத்ததும் எரிகிற வகை இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

குறிக்கோடு பெரிதாக்கத்தோடு சேர்ந்து வளர வேண்டுமா, ஒரே அளவில் நிற்க வேண்டுமா என்று ஒரு பெரிய சண்டை உண்டு. தூரம் அளந்து சுடுகிற சிப்பாய்க்கும் போட்டிக்காரருக்கும் வளர்கிற கோடு வேண்டும். ஆனால் அது ஒன்றில் வைக்கும்போது நூலாகச் சுருங்கிவிடும். விளக்கு பலமாக இல்லையென்றால் தேட வேண்டும். நூற்றைம்பது கெஜத்துக்குள் பன்றி சுடுகிறவருக்கு நிலையான கோடும் பளிச்சென்ற புள்ளியும் போதும். இதற்கு மேல் இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, தூக்கிக்கொண்டு நடக்கும்வரை. சின்ன ரெட் டாட் நூறு கிராமுக்குள் அடங்கும். தரமான 1-6 ஸ்கோப் அறுநூறு கிராம் வரை வரும். ரைஃபிளோடு இணைக்கிற பிடிப்பு இன்னும் இருநூறு. இந்தப் பிடிப்பில் கஞ்சத்தனம் செய்கிறவர்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஆயிரம் டாலர் ஸ்கோப்பை முப்பது டாலர் வளையத்தில் மாட்டுவார்கள். ஏஆர் எனப்படும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் மேல்தண்டவாளம் குட்டையானது என்பதால் முன்னோக்கி நீண்ட ஒரே துண்டுப் பிடிப்புதான் ஏற்றது. திருகை முறுக்கு அளக்கிற ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கைப்பலத்தால் முறுக்கிக் குழாயை நசுக்கிக்கொண்டு வந்து “கண்ணாடியில் ஏதோ கோளாறு” என்று என்னிடம் நீட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். புதருக்குப் பின்னால் அசைவது பன்றியா, பக்கத்து வீட்டுக் கன்றா என்று பார்க்க ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். ஸ்கோப் திரும்பினால் குழலும் திரும்புகிறது. பெரிய எண்ணை வாங்க எல்லோரும் சொல்கிற காரணம் “அடையாளம் காண” என்பது. அடையாளம் காண, கழுத்தில் தொங்கும் இருகண் தொலைநோக்கி இருக்கிறது. சாதாரண எட்டு மடங்குக் கருவி, 42 மில்லிமீட்டர் முன் கண்ணாடி. அந்தியில் எந்த 1-8 ஸ்கோப்பையும்விடத் தெளிவாகக் காட்டும். ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் இருநூறு டாலரை எடுத்து இதற்குப் போடச் சொல்வேன்.

மூக்குக்கண்ணாடி விற்கும்போது நான் பவரை எழுதிக் கொடுத்துத்தான் விற்கிறேன். ஸ்கோப் செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்: ‘ஒன்று’ என்று போட்டிருக்கிறீர்களே, அது அளந்தால் எவ்வளவு, ஒன்றா, ஒன்றே அரைக்காலா? உச்சியில் வெளிச்சப் பொட்டு எத்தனை மில்லிமீட்டர்? விளக்கு வெயிலில் நிற்குமா? மூன்று வரி. ஆயுதத்தில் மாட்டுகிற கருவியில் இந்த நேர்மை கூடுதலாகவே வேண்டும், குறைவாக அல்ல. சில நல்ல நிறுவனங்கள் இதில் ஒன்றிரண்டைச் சொல்கின்றன. மற்றவை பெட்டியில் பாலைவனச் சிப்பாய் படத்தைப் போட்டு முடித்துக்கொள்கின்றன.

மெடினா மாவட்டத்தில் மக்காச்சோளம் போடுகிற என் நண்பர் போன வருடம் 1-10 வாங்கக் கிளம்பியவர். கடை வாசல் வெயிலில் நின்று நாலைந்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் 1-6 வாங்கினார். நிலையான கோடு, பகலிலும் எரிகிற புள்ளி. மிச்சப் பணத்துக்குப் பிடிப்பும் தொலைநோக்கியும். ஐம்பது கெஜத்தில் குறியை நேராக்கிக்கொண்டார். அவருடைய .223 குண்டுக்கு அது இருநூறு கெஜத்திலும் ஏறத்தாழ நேராகவே வரும். ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே உட்கார்ந்திருப்பதால், காலடி தூரத்தில் மட்டும் அந்த அளவுக்கு மேலே பிடித்துச் சுட வேண்டும். இப்போது பன்றிகள் அந்தியை விட்டு நள்ளிரவுக்கு மாறிவிட்டன, வெப்பப் படம் காட்டுகிற தெர்மல் ஸ்கோப் வாங்கட்டுமா என்று கேட்கிறார். சில ஆயிரம் டாலர் ஆகும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பார்ப்பது குட்டித் திரையை. மூக்குக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.